சுசீலா சிஸ்டர் போட்ட யூனிட் சார்ட்

“எங்க கார வாங்கறதுக்கு நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆள் வராங்கண்ணா. நீங்க பன்னண்டு மணிக்கெல்லாம் எங்க மாடியில இருக்கணும்.”

சுசீலா சிஸ்டர் போனில் சொன்னது இவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். என் வாய் அப்படி. ஆனால் அவர் நோயாளியிடம் ஊசி போடப் போவதைச் சொல்கிற குரலில் சொன்னார். அதனால் சரிங்க சிஸ்டர் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நான் திருத்தணியில் சோலார் போடுகிறவன். அதற்கு முன்னால் இருபது வருஷம் வீட்டு வயரிங். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பேனல், இன்வெர்ட்டர், எர்த் பிட் பற்றிச் சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது என் தலைக்கனத்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கப் பார்த்தது, அதை ஒரு நர்ஸம்மா எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை.

1. என் கைராசி

எங்கள் ஊரில் புது பைக் எடுத்தால் அது முதலில் முருகன் மலையடிவாரத்துக்குத்தான் போகும். புது கிரைண்டருக்கும் போர் மோட்டாருக்கும் பொட்டு வைக்காமல் ஸ்விட்ச் போட மாட்டார்கள். ஆறு பேனலைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக முடியுமா? அதனால் நானே ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். வேலை முடிந்த அன்று மலையிலிருந்து திருநீறு வாங்கி வருவேன். அதைச் சந்தனத்தோடு கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு பேனலிலும் கீழ் ஓரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மூன்று விரலால் பட்டை இழுப்பேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஸ்விட்ச் ஆன்.

ஏன் கீழ் ஓரம் என்றால், என் கை அதுவரைக்கும்தான் எட்டும். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

ஜனங்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், திருவாலங்காடு என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் “பட்டை போடுற எலக்ட்ரீஷியன்” என்றால் தெரியும். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

2. ஐந்தும் ஏழும்

சுசீலா சிஸ்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. முன்பு ஸ்கூட்டரில் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு மழையில் வழுக்கி விழுந்து முழங்காலில் பிளேட் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. டியூட்டி நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கி, லீவு நாளுக்கு மட்டும் வீட்டுக்கு வந்தார். வீட்டில் ஆறு வயதுப் பெண். கணவர் குமரேசன் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல். பரம்பரையாக அந்த வேலைதான். விடிவதற்கு முன்னாலேயே மலை ஏறிவிடுவார். அம்மா இல்லாமல் அந்தக் குழந்தை பக்கத்து வீட்டில் தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது.

இதற்காகத்தான் அவர் பழைய எலக்ட்ரிக் கார் ஒன்று வாங்கினார். கார் வந்த நாளிலிருந்து தினமும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

காருக்கும் வீட்டுக்கும் சேர்த்து மூன்று கிலோவாட் போடச் சொல்லி நான்தான் கணக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஐந்து யூனிட், காருக்கு ஏழு, மாடியிலிருந்து பன்னிரண்டு வரும். பகலில் மிச்சமாகிற கரண்ட் லைனுக்குப் போகும், ராத்திரி வேண்டியது லைனிலிருந்து வரும், இரண்டையும் நெட் மீட்டர் கழித்துக்கொள்ளும். பில் கிட்டத்தட்ட இருக்காது என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன்.

சிஸ்டர் மாதிரி ஒரு கஸ்டமரை நான் பார்த்ததில்லை. காருக்கென்று தனி லைன் இழுத்து எர்த் அடித்துக் கொடுத்தேன். கார் சார்ஜில் இருக்கும்போது கீசரும் மோட்டாரும் ஓட வேண்டாம், வயர் சூடாகும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். அன்று முதல் அந்த வீட்டில் ஒரு பெரிய வேலை முடிந்துதான் அடுத்த பெரிய வேலை. கிரைண்டர் நின்றால் மோட்டார், மோட்டார் நின்றால் கார். என் வீட்டிலேயே இது நடப்பதில்லை.

3. கார்தான் குடிக்குது

முதல் பில் வந்தது. காரும் சோலாரும் வருவதற்கு முந்தைய பில்லுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. சிஸ்டர் கூப்பிட்டார். மேகமூட்டம் என்றேன். இரண்டாவது பில்லும் அப்படியே வந்தது. நேரில் போனேன். மாடி ஏறி எட்டிப் பார்த்தேன். குமரேசன் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. என் பட்டையும் புதிதாகப் போட்டது போல எடுப்பாக இருந்தது. குமரேசனைப் பாராட்டிவிட்டு இறங்கினேன்.

இறங்கி வந்து அவர் எதிரிலேயே சொன்னேன்.

“சிஸ்டர், பேனல் மேல ஒரு கொறையும் இல்ல. கார்தான் குடிக்குது.”

வாயில் வந்ததைச் சொன்ன வார்த்தை. காருக்கு எத்தனை யூனிட் போகிறது என்று அளந்து பார்க்கவில்லை. மாடியிலிருந்து எத்தனை வருகிறது என்று இன்வெர்ட்டரில் பட்டன் அமுக்கிப் பார்க்கவும் இல்லை. வேர்வை வழிந்தது, வீட்டுக்குப் போகும் அவசரம். அவ்வளவுதான்.

குமரேசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒரு பக்கம் சோலார் கடன், ஒரு பக்கம் கார் கடன், அதற்கு மேல் கரண்ட் பில். போட்டவனே சொல்லிவிட்டானே, காரை விற்றுவிடலாம், நீ பழையபடி ரூம் எடுத்துக்கொள் என்று முடிவு கட்டிவிட்டார். நான் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது. இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4. ஜுரச் சார்ட்

சிஸ்டர் போன் செய்த மறுநாள் பதினொன்றே முக்காலுக்குப் போனேன். சிஸ்டர் லீவு போட்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய தாளை விரித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கட்டில் காலில் தொங்குமே, ஜுரம் எழுதுகிற சார்ட், அதேதான். ஜுரத்துக்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் இன்வெர்ட்டர் காட்டின யூனிட்டைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தார். நான்கு மாதம். ஒரு நாள் விடவில்லை. மேகமான நாளை மட்டும் நீல மையில் வட்டம் போட்டிருந்தார், அந்தச் சாக்கை நான் திரும்பச் சொல்லக்கூடாது என்று.

பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில் ஏழரை, எட்டு. மெல்ல மெல்ல ஒன்பதரை, பத்து வரை ஏறும். திடீரென்று ஒரே நாளில் எட்டுக்குக் கீழே விழும். மறுபடி ஏறும், மறுபடி விழும். விழுகிற நாட்களுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரே ஒரு எழுத்து, “கி”.

“கிருத்திகை,” என்றார். “மாசா மாசம் கிருத்திகை அன்னிக்கு அவரு மலையில இருந்து திருநீறு கொண்டாந்து ஆறு பேனலுக்கும் பட்டைய புதுசு பண்றாரு. அழியாம பாத்துக்கோங்கன்னு நீங்க சொல்லிட்டுப் போனீங்களாமே?”

சொல்லியிருந்தேன். அந்த மனுஷர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்கும்போதுகூடப் பட்டையில் கை படாமல் துடைத்து, மாதா மாதம், அது உதிர்ந்து யூனிட் ஏறி வருகிற நேரத்தில், முன்னைவிடக் கெட்டியாகப் போட்டு வந்திருக்கிறார்.

பேனலில் கட்டம் கட்டமாகத் தெரிகிற செல்களில் கீழ் வரிசையில் நிழல் விழுந்தால் அந்த வரிசையோடு சேர்ந்த பாதிப் பேனலும் படுத்துவிடும். இதைக் கஸ்டமருக்கு நான்தான் வகுப்பு எடுப்பேன். மரக்கிளை வெட்டச் சொல்வேன், தண்ணீர் டேங்கைத் தள்ளி வைக்கச் சொல்வேன். ஆறு பேனலுக்கும் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நிழலைப் பூசி வைத்தவன் நானே.

வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சாமி திருநீறு கரண்டைக் குறைக்கிறது என்று மடப்பள்ளிக்காரரிடம் பெண்டாட்டி எப்படிச் சொல்வது என்றார். சிஸ்டரே துடைத்தால் அது சண்டையாகப் போகும். வைத்த கைதான் எடுக்க வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

5. பன்னிரண்டு மணி

மாடியில் குமரேசன் நின்றிருந்தார். ஒரு புது வெள்ளைத் துணி, ஒரு பித்தளைக் குடம் தண்ணீர், ஒரு தாம்பாளம், எல்லாம் சிஸ்டர் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். குடத்தில் கை விட்டேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலிருந்தே வெயிலில் வைத்திருக்கிறார். கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று ஸ்விட்ச் போட்ட அன்று சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார். நான் சொன்னதில் நல்லது எது, உளறல் எது என்று அந்தம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

என் பட்டையின் நிழல்தான் கரண்டைக் குறைக்கிறது, துடைத்துக் காட்டுகிறேன் என்று துணியை நனைத்தேன்.

“சாமி திருநீறுங்க அது. அழுக்காட்டம் தொடைக்கப் பாக்கறீங்களே,” என்றார் குமரேசன்.

துடைக்கிற தண்ணீரைத் தாம்பாளத்தில் பிடித்துச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றப் போகிறோம், கால் படாது என்றேன். அதுவும் சிஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான். அவர் கீழே இன்வெர்ட்டர் முன்னால் நின்று, அது காட்டுகிற வாட்ஸைப் போனில் எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரத்து அறுநூறு.

முதல் பேனலைத் துடைத்தேன். ஆயிரத்து அறுநூறுதான். இரண்டாவது துடைத்தேன். ஆயிரத்து அறுநூற்றுப் பத்து. குமரேசன் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு பேனலும் ஒரே சரம், எல்லாம் சேர்ந்து வந்தால்தான் முழுக் கரண்ட்டும் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம். நான்காவதில் கொஞ்சம் அசைந்தது. ஐந்தாவதில் இரண்டாயிரம் தாண்டியது. ஆறாவதில் சந்தனம் காய்ந்து அப்பிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

போனில் சிஸ்டர் பி.பி. படிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “ரெண்டாயிரத்து நானூறு. நிக்குது.”

துணியைக் கீழே வைத்தேன். தொழில் கைராசியில் நடக்கிறது என்று நம்புகிறவனுக்கு அடுத்த வார்த்தை லேசில் வராது. ஆனாலும் குமரேசன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“கார் மேல ஒரு தப்பும் இல்லீங்க. அன்னிக்கு நான் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னுது.”

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவருடைய கவலை வேறு. “அப்போ சாமிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் சிஸ்டர் முழங்காலைப் பிடித்தபடி படி ஏறி மேலே வந்துவிட்டார்.

“கார்லயும்தான் பொட்டு வச்சோம். ஓட்டறவங்க கண்ண மறைக்கிற எடத்துலயா வச்சீங்க? சூரியன் பாக்கற எடத்த மட்டும் வுட்டுட்டு, கீழ ஸ்டாண்டு கால்ல வைங்க. யாரு வாணாம்னாங்க.”

குமரேசன் குனிந்து ஸ்டாண்டு காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆங் என்று தலையாட்டினார். இரண்டு மணிக்கு வந்த ஆட்களுக்குக் காபி கொடுத்து, கார் விற்கிறதில்லை என்று அவரே வாசலில் நின்று சொல்லி அனுப்பினார்.

இந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். புருஷனையும் விட்டுக்கொடுக்கவில்லை, சாமியையும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னைக்கூட மூன்றாம் மனுஷர் எதிரில் அவமானப்படுத்தவில்லை. பழிச்சொல்லை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு வார்த்தை பேசாமல் நான்கு மாதம் தினமும் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். எத்தனையோ இன்ஜினீயர்களோடு வேலை செய்திருக்கிறேன். அந்தப் பொறுமை ஒருத்தரிடமும் பார்த்ததில்லை.

6. மற்ற வீடுகள்

ஃப்ரீ சர்வீஸ் என்று சொல்லி எல்லா வீட்டு மாடியிலும் சத்தமில்லாமல் துடைத்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சிஸ்டர் வீட்டில் பட்டையைவிட அதிகம் கெடுத்தது என் வாய்தான். அதைத் துணியால் துடைக்க முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் வாயாலேயே சொல்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளர் வீடு. அவர்களும் பில் குறையவில்லை என்று கேட்டிருந்தார்கள். ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் பார்த்து ஓட்டுங்கள் என்று அங்கேயும் உபதேசம் செய்திருந்தேன். இப்போது தறி அருகில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அந்த வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்தம்மா என்னைப் பார்த்தார்.

“நாங்கதான் தப்பு பண்றோம்னு நெனச்சிகினு இருந்தோங்க. போன கோடை பூரா மத்தியானத்துல ஃபேன் போடவே இல்ல.”

அந்த வீட்டுக் கூரை தகரம். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, கஸ்டமரைக் குறை சொல்ல வாயைத் திறக்கும் முன்னால் மாடி ஏறி உங்கள் கை பட்ட இடத்தை முதலில் பாருங்கள். நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் கோடை முழுக்கப் புழுங்கிக்கொண்டிருக்கும்.