காமு கோத்துத் தராத மாலை

காமுவிடம் கல் பிரேஸ்லெட் வாங்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கொஞ்சம் திட்டு விழும். டாலிகஞ்ச் மெட்ரோவிலிருந்து ஆட்டோவில் ஐந்து நிமிடம், ஹவுசிங் காலனியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறிப்போய் உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுப்பாள். பிறகு, "என்ன வேணும்?" என்பாள். "நல்ல வேலை கிடைக்கணும்" என்று சொன்னீர்களோ, போச்சு.

"கிடைக்கணும்னா யார் குடுக்கணும்? நானா, இந்தக் கல்லா? நீ என்ன பண்ணப்போறே, அதைச் சொல்லு."

தினமும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போடுவேன் என்றாவது வந்தவர் தன் வாயால் சொல்லும்வரை மணி டப்பாவின் மூடி திறக்காது. இதற்கு இன்டென்ஷன் என்று இந்தக் காலத்துப் பெண்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். காமு சங்கல்பம் என்கிறாள். நம் வீடுகளில் சங்கல்பம் யார் செய்வது? வாத்தியார் சொல்ல, புருஷன் திருப்பிச் சொல்ல, பெண்டாட்டி தர்ப்பையால் அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்பாள். "தொட்டுண்டு நின்னதெல்லாம் போதும், அவாவா வாயைத் திறக்கட்டும்" என்று இந்த ஐம்பத்தாறு வயதுக்காரி அதை ஒரு தொழிலாகவே நடத்துகிறாள்.

நான் அலமு, அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. என் விரல்களில் நான்கு மோதிரங்கள் இருக்கின்றன, நான்கும் ஜோசியர் எழுதிக் கொடுத்தவை. இந்த வங்காளி ஊரில் அது ஒரு அதிசயமே இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பாருங்கள், பவழமோ கோமேதகமோ இல்லாத கை எத்தனை தேறும்? முத்தும் கோமேதகமும் பகை, கெம்பும் நீலமும் பகை என்று இங்கே சின்னக் குழந்தைகூடச் சொல்லும். காமுவோ அவற்றை ஒரே நூலில் கோப்பாள்.

கேட்டால், "கிரகத்துக்குப் பகை இருக்கோ என்னமோ, எனக்குத் தெரியாது. கெட்டிக் கல்லுக்கும் மெத்துக் கல்லுக்கும் பகை உண்டு. குவார்ட்ஸ் பக்கத்துல முத்தை வெச்சா முத்துல கீறல் விழும். நடுவுல ஒரு பித்தளை வளையம் போட்டுட்டா ரெண்டும் சமத்தா குடித்தனம் பண்ணும்" என்பாள்.

இதெல்லாம் அவள் கற்றது பௌபஜாரில் ஒரு நகைக்கடையில். முப்பது வயதில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் புருஷனை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்தவள், அந்தக் கடையில் ஜோசியர் அறை வாசலில் சீட்டு எழுத உட்கார்ந்தாள். பதினெட்டு வருஷம். எந்தக் கவலைக்கு எந்தக் கல் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். எது அசல், எது சாயம் ஏற்றியது, சிட்ரின் என்ற பெயரில் வரும் மஞ்சள் கல்லில் எது சுட்டு நிறம் மாற்றிய அமெதிஸ்ட் என்றும் கூடவே தெரிந்துகொண்டாள். அப்புறம்தான் வீட்டில் சொந்தமாக ஆரம்பித்தாள். கல் ஏதாவது செய்யுமா என்று ஒரு தடவை கேட்டேன். "கல் ஒண்ணும் பண்ணாது. நீ சொன்னதை உனக்கு ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான்" என்றாள். என் மோதிரங்களை அவள் ஒரு பார்வை பார்த்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்கள் மாதர் சங்கத்து ஹாலில் பூஜோவுக்கு, அதாவது துர்கா பூஜைக்கு, முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு விற்பனை நடக்கும். காமுவின் வருஷ வியாபாரத்தில் பாதி அந்த ஒரு நாளில்தான். சங்கத்துக்குத் தலைவி வித்யாலக்ஷ்மி மாமி. நான் துணைச் செயலாளர், அதாவது மாமி சொன்னதை மற்றவர்களுக்குப் போன் பண்ணிச் சொல்கிறவள். இந்த வருஷம் விற்பனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாமி என்னையும் இழுத்துக்கொண்டு காமு வீட்டு மாடி ஏறினாள்.

"எங்காத்து சத்யப்ரியாவுக்கு ஒரு மாலை வேணும், காமு. மூன்ஸ்டோன், கார்னீலியன், ரோஸ் குவார்ட்ஸ். இன்டர்நெட்ல பார்த்து எழுதிண்டு வந்திருக்கேன். கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லை."

சத்யப்ரியா மாமியின் மருமகள். செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை.

"அதுக்கென்ன, அவளை வரச்சொல்லுங்கோ" என்றாள் காமு.

"அவ எதுக்கு? அவளுக்குத் தெரியவே வேண்டாம். பூஜோ கிஃப்ட்னு சேல் அன்னிக்கு எல்லார் முன்னாலயும் நானே போட்டுவிடறேன். உத்திரட்டாதி, மீன ராசி. கோத்திரம் எழுதிக்கோ."

காமு பேனாவை மூடினாள். "இது அர்ச்சனைச் சீட்டு இல்லை, மாமி. பேர் நட்சத்திரம் சொல்லி இன்னொருத்தருக்காகப் பண்ணிக்க முடியாது. அவ வரட்டும். அவளுக்கு என்ன வேணுமோ அவ சொல்லட்டும்."

"அவளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அவகிட்ட மறைப்பானேன்?"

மாமியின் முகம் சிவந்துபோயிற்று. "கல் விக்கறவளுக்கு இத்தனை ஆகாது!" என்று எழுந்தாள். நான் பின்தங்கி, "கல்லுக்குக் காதா இருக்கு? கோத்துக் குடுத்துட்டுப் போயேண்டி. வருஷத்துக்கு ஒரு சேல்" என்று கெஞ்சினேன்.

"கல்லுக்கு இல்லை. போட்டுக்கறவளுக்கு இருக்கு" என்றாள். பிறகு, இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். கல்யாணத்தன்று அவள் மாமியார் ஒரு மோதிரம் போட்டாளாம், பவழமும் முத்தும் சேர்த்து. அழகாக இருக்கிறது என்று ஊர் பூராவும் காட்டியிருக்கிறாள். புருஷனை விட்டு வந்து கடையில் சேர்ந்த முதல் வாரம், ஜோசியர் அதைப் பார்த்துவிட்டு, "ஆண் குழந்தைக்குன்னு இதை யார் எழுதிக் குடுத்தது?" என்று கேட்டாராம்.

"ஆறு வருஷம், அலமு. அவா ஆசையை என் விரல்ல மாட்டிண்டு திரிஞ்சிருக்கேன். அங்க வந்தவா போனவா எல்லாருக்கும் அது என்னன்னு தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை. இன்னொரு பொண்ணுக்கு அதை நான் பண்ணுவேனா?"

மறுநாள் காலை மாமி என்னைக் கூப்பிட்டாள். நான் காமுவைக் கூப்பிட்டேன். "சேல்ல உன் டேபிளை மாமி ஊறுகாய் விக்கறவளுக்குக் குடுத்துட்டா" என்று சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. முடியாது மாமி, நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஹாலுக்குள்ள தானே இடமில்லை? வாசல்ல யாருக்கும் குடுக்கலையே?" என்றாள் காமு.

விற்பனை ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்த்தால், புச்கா, அதாவது இந்த ஊர்ப் பானிபூரி, விற்கிறவனுக்கும் பந்தலுக்காகக் குவித்திருந்த மூங்கிலுக்கும் நடுவில், நடைபாதையில் மடக்கு மேஜையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, நெற்றி நிறையக் குங்குமம். உள்ளே போகிற ஒவ்வொருத்தியும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள்.

பதினோரு மணிக்கு மாமி மைக்கைப் பிடித்து, "எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கு ஒரு சின்ன பூஜோ கிஃப்ட்" என்று சொல்லி, வேறெங்கோ வாங்கிய மாலையைச் சத்யப்ரியாவின் கழுத்தில் போட்டாள். சத்யப்ரியா சிரித்துக்கொண்டே குனிந்து நமஸ்காரம் பண்ணினாள். எங்கள் சங்கத்துப் பெண்கள் இப்போதெல்லாம் இந்தக் கற்களைக் கரைத்துக் குடித்தவர்கள். மூன்ஸ்டோனும் கார்னீலியனும் சேர்ந்தால் எதற்கு என்று ஹால் முழுக்கத் தெரியும். ஒருத்தி சத்யப்ரியாவின் கன்னத்தைத் தடவி, "கவலைப்படாதேம்மா" என்றாள். இன்னொருத்தி தனக்குத் தெரிந்த டாக்டரின் பெயரைச் சொன்னாள். மாமியின் பிள்ளை மது, சத்யப்ரியாவின் புருஷன், காப்பி டம்ளரோடு ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சத்யப்ரியா வெளியே வந்தாள். நானும் பின்னாலேயே வந்தேன். நேராகக் காமுவின் மேஜைக்குப் போய், "மாமி, ரொம்ப தேங்க்ஸ். எங்க மாமியார் இது நீங்க பண்ணினதுன்னு சொன்னா. ஆனா எல்லாரும் ஏன் என்னைப் பாவமா பாக்கறா?" என்றாள்.

காமு மாலையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இது நான் பண்ணினது இல்லை. நடுவுல வளையமே போடலை, கார்னீலியன் மூன்ஸ்டோனைத் தேய்க்கறது பாரு."

சொல்லாதே என்று நான் தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். "குழந்தை பிறக்கறதுக்காகப் போடற மாலை இது. உன் மாமியார் முதல்ல என்கிட்டதான் வந்து கேட்டா. உனக்குத் தெரியாம பண்ணமாட்டேன்னு சொல்லிட்டேன். அதான் வாசல்ல உக்காந்திருக்கேன்."

சத்யப்ரியா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டாள். "உள்ள இருக்கற அத்தனை பேருக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். எனக்கும் தெரியும் என்று சேர்த்துச் சொல்ல நாக்கு வரவில்லை.

"எனக்கு ஒரு பிரேஸ்லெட் வேணும், மாமி" என்றாள். தட்டில் இருந்த மணிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ரத்தச் சிவப்பில் கார்னெட்டும், கரு நீலத்தில் லாபிஸும் எடுத்து வைத்தாள்.

"சிவப்பும் நீலமும் பகைடி!" என்றேன், பழக்கதோஷம்.

"இருக்கட்டும்."

காமு மணிகளை வரிசையாக அடுக்கி நடுவே வளையங்களைப் போட்டாள். "நான் எல்லாரையும் கேக்கறதை உன்னையும் கேப்பேன். என்ன பண்ணப்போறே? ஒரு வரியில சொல்லு."

சத்யப்ரியா ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கோத்து வைங்கோ, வந்து சொல்றேன்" என்று உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஓடாமல் இருக்க நான் என்ன கல்லா?

அவள் நேரே மதுவிடம் போனாள். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. "மது, என் டெஸ்ட் எல்லாம் போன வருஷமே முடிஞ்சாச்சு. எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னை டெஸ்ட்டுக்கு வரச்சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்துப் பதினாலு மாசம் ஆச்சு."

வித்யாலக்ஷ்மி மாமி வேகமாக வந்தாள். "ஆம்பளையைப் பத்தி சபையில பேசற பேச்சா இது?"

"சபையில ஆரம்பிச்சது நான் இல்லைம்மா. ஆத்துலதான் சொன்னேன். ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட்டுன்னு நீங்கதான் சொன்னேள்." மாலையை மதுவின் கையில் வைத்தாள். "இனிமே இதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன். கேக்கறவா உங்களைக் கேக்கட்டும், மதுவைக் கேக்கட்டும்."

யாரும் கை தட்டவில்லை. டாக்டர் பெயர் சொன்னவள் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்தாள். மதுவின் காது சிவந்தது, தலை நிமிரவில்லை. அவன் பிறகு டெஸ்ட்டுக்குப் போனானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவனைத்தான் கேட்க வேண்டும்.

மாமி வாசலுக்கு வந்தாள். "என் குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்திட்டியே, காமு."

"நடுத்தெருவுல உக்காந்திருக்கறது நான்தான், மாமி."

"இனிமே இந்தச் சங்கத்துப் பக்கம் தலை காட்டினே..."

"காட்டுவேன். நவராத்திரிக்கு வருவேன், சுண்டலும் வாங்கிப்பேன். அடுத்த வருஷம் சேலுக்கும் வருவேன். உள்ள இடம் குடுத்தா உள்ள, இல்லேன்னா இதே இடம். இந்த நடைபாதை உங்க சங்கத்துது இல்லை."

அப்போது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "அவ டேபிளை எடுத்தது தப்பு, மாமி. அதை அவளுக்குப் போன் பண்ணிச் சொன்னது நான். அதுவும் தப்பு. இனிமே உங்க போனை நீங்களே பண்ணிக்கோங்கோ" என்றேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் என் முப்பது வருஷச் சங்க வாழ்க்கை முடிந்தது. பயமாகத்தான் இருந்தது. அதைவிட நன்றாகவும் இருந்தது. புச்காக்காரன் இழுத்துப் போட்ட ஸ்டூலில் காமுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் சத்யப்ரியா வெளியே வந்தாள், கைப்பையோடு. காமு கோத்துவைத்த பிரேஸ்லெட்டைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பும் நீலமும் வெயிலில் பளபளத்தன. உண்மையிலேயே அழகாக இருந்தது.

"முடிச்சு மட்டும்தான் பாக்கி. சொல்லு, என்ன பண்ணப்போறே?"

சத்யப்ரியா அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "வேண்டாம், மாமி" என்றாள். "பண்ணிட்டேன்."

காமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமாட்டாமல், தலையில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பாத்தியா அலமு, ஒரு நல்ல கிராக்கி போச்சு!" என்று சொல்லிக்கொண்டே நூலை உருவி, மணிகளை ஒவ்வொன்றாக அதனதன் டப்பாவில் போட்டாள். எத்தனையோ பேருக்கு அவள் விற்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட இத்தனை சந்தோஷப்பட்டதில்லை.