உதை விழுந்த வரி

பாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆளாளுக்கு செல்போனை எடுத்துத் தேடுவீர்கள். சுத்தமான பாட்டு ஒன்று வந்து நிற்கும். ராமாயி பாடுவது தப்பு என்று முடிவு கட்டிவிடுவீர்கள். நானும் முதலில் அப்படித்தான் முடிவு கட்டினேன். அறுபதுகளில் வந்த ட்விஸ்ட் பாட்டு அது. கிதாரும் பாங்கோஸும் போட்டி போடும். முட்டி வலிக்காரனையும் எழுந்து ஆட வைக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

தஞ்சாவூர் கீழவாசலில் எனக்குக் கைலிக் கடை. சொந்த ஊர் கூத்தாநல்லூர். ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்குகிற வரைக்கும் கடையில் அறுபதுகளின் பாட்டுத்தான் ஓடும். புதுப் பாட்டு போடச் சொன்ன வாடிக்கையாளரை "எதுத்த கடைக்குப் போங்க" என்று அனுப்பி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்ட ஆள் நான். சில வருஷங்களுக்கு முன்னால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு அம்மா மருமகனுக்குக் கைலி எடுக்க வந்தார். அவர்தான் ராமாயி. கட்டம் போட்டதா, கோடு போட்டதா என்று புரட்டிக்கொண்டே பாட்டோடு சேர்ந்து பாடினார். நன்றாகத்தான் பாடினார். இரண்டாம் சரணம் வந்ததும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே மூன்று தரம் பாடினார். தரத்துக்கு ஒரு தட்டாகக் கையையும் தட்டினார். பிறகு ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டு அதற்கு அடுத்த வரிக்குத் தாவினார். பாட்டு ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார்.

தப்பாகப் பாடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. "அம்மா, அது ஒரு தரம்தான் வரும். நடுவுல ஒரு வரியையே முழுங்கிட்டீங்களே" என்றேன்.

"உங்க பெட்டியிலதான் அப்படி, பாய். எங்க தெருவுல இப்படித்தான்."

"தெருவுக்குத் தெரு பாட்டு மாறுமா?"

"மாறியிருக்கே" என்றார். கட்டம் போட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க எரிச்சல்.

அடுத்த தடவை வந்தபோதும் அதே சண்டை. மூன்றாம் தடவை டீ சொல்லி உட்கார வைத்துக் கேட்டேன். மனுஷியைப் பற்றி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர்கள் தெருவில் அந்தக் காலத்தில் எல்லாருக்கும் பண்ணை வேலை. ராமாயிக்கு அப்போது பன்னிரண்டு வயசு இருக்கும். அண்ணன் சாமிதுரை திருக்காட்டுப்பள்ளியில் ஒரு மைக்செட் கடையில் இருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் கட்டுவார். ஊரூராகக் கட்டியவர் தன் தெருவில் மட்டும் கட்டியதில்லை. அந்தத் தெருவில் குழாய் கட்டக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத சட்டத்துக்குத்தான் அங்கே பலம் அதிகம். ஒரு ஆவணி மாசம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. சாமிதுரை முதலாளியைக் கெஞ்சிக் கேட்டு செட்டை வாங்கி வந்துவிட்டார். வாங்கி வந்தவர் அடக்கமாக வைத்திருந்தாலும் பரவாயில்லை. தென்னை மரத்தில் ஏறி, குழாயின் வாயைப் பண்ணையார் வீடு இருந்த ஊர்த்தெருவைப் பார்த்துத் திருப்பிக் கட்டினார்.

பத்துப் பாட்டு கூட ஓடியிருக்காது. பண்ணையை மேற்பார்வை பார்க்கிற காரியக்காரர் வரப்பு மேலேயே விறுவிறுவென்று வந்தார். "எவன்டா குழாயை இந்தப் பக்கம் திருப்புனவன்?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பெட்டியைக் காலால் உதைத்தார். ஊசி இசைத்தட்டைக் கீறிக்கொண்டு போன சத்தம் குழாய் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. ட்விஸ்ட் பாட்டு பாதியில் நின்றது. வந்த வேலை முடிந்தது என்று அவர் திரும்பி நடந்தார்.

சாமிதுரை பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அதே தட்டை முதலிலிருந்து போட்டார். இரண்டாம் சரணத்தில் கீறல் விழுந்த இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. வரப்பில் போய்க்கொண்டிருந்த காரியக்காரர் தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து நின்று திரும்பிப் பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் ஊசி தாண்டிவிடும். சாமிதுரைக்கு அது தெரியாதா? ஆனால் தட்டவில்லை. மூன்று தரம் பாடவிட்டுத்தான் தட்டினார்; ஊசி ஒரு வரியைத் தாண்டிப் போய் விழுந்தது. மூன்றுக்கும் பந்தலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"அவரு திரும்பி வரலியா?" என்று கேட்டேன்.

"எப்படி வருவாரு? நாத்தங்கால்ல நாத்து முத்திக்கிட்டு நிக்கிது. அத்தனை பேரையும் பகைச்சுக்கிட்டா யாரு நடுறது? வேட்டிய உதறிக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் அந்தத் தட்டைத்தான் முதலில் போடுவார்கள். முதலாளி வேறு நல்ல தட்டு தருகிறேன் என்று சொன்னபோதும் சாமிதுரை வாங்கவில்லை. நடவு வயலிலும் ராமாயியோடு நடுகிற பெண்கள் இந்தப் பாட்டைத்தான் பாடுவார்கள். அந்த இடம் வந்ததும் கை தட்ட முடியாதில்லையா, மூன்று தரம் நாற்றைச் சேற்றில் சேர்ந்தாற்போல் குத்துவார்கள். வரப்பில் குடை பிடித்து நிற்கிற காரியக்காரருக்கு என்னவென்று புரியும். சினிமாப் பாட்டு பாடினதற்காகக் கூலியைப் பிடிக்க முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாராம். இதைச் சொல்லும்போது ராமாயி சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

தட்டு பிற்பாடு ஒரு வெள்ளத்தில் போனது. சாமிதுரையும் காலமாகிவிட்டார். ராமாயி கூலிப் போராட்டங்களில் முன்வரிசையில் நின்றார், புருஷனோடு சேர்ந்து மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் வாங்கினார், மகள் சுடர்விழியைப் படிக்க வைத்தார். சுடர்விழி இப்போது தஞ்சாவூரில் ஆசிரியை. ராமாயி குறுவையும் சம்பாவும் போட்டுக்கொண்டு ஊரிலேயே இருக்கிறார். மகள் வீட்டில் வந்து இருக்கச் சொன்னால், "வயலுக்கு யாரு தண்ணி பாய்ச்சுறது, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா?" என்று கேட்பார்.

அவரை எங்கள் சங்கத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். 'அறுபதின் ராகங்கள்' என்று பெயர். மேல வீதியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். முதலில் அந்தப் பாட்டை எங்கே, எப்போது கேட்டோம் என்று ஞாபகத்தைச் சொல்ல வேண்டும், பிறகு பாட வேண்டும். இதுதான் வழக்கம். ரேடியோவுக்குச் சட்டை தைத்துப் போட்ட கதை வரும். டிக்கெட் கிடைக்காமல் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிய கதை வரும். அந்த இசைக்குழுவில் அக்கார்டியன் வாசித்தது யார் என்று சண்டை வரும், டீ ஆறிப்போகும். செயலாளர் மதிவாணன் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பாட்டும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போக வேண்டும் அவருக்கு. நல்ல மனிதர். ஆனால் ஒரு சுரம் பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆண்டு விழாவுக்கு மண்டபம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது என்று மதிவாணன் சந்தோஷமாக அறிவித்தார். மண்டபத்தின் பெயரைக் கேட்டதும் ராமாயி என்னைத் திரும்பிப் பார்த்தார். அது அந்தப் பண்ணையாரின் பெயர். நிலத்தை விற்றுவிட்டுத் தஞ்சாவூர் வந்த குடும்பம், மண்டபம் கட்டித் தாத்தாவின் பெயரை வைத்திருக்கிறது. இப்போது அதைப் பார்த்துக்கொள்கிற பேரன் இனியவனுக்கும் பழைய பாட்டு என்றால் உயிர்.

"அங்கதான் நான் பாடணும், பாய்" என்றார் ராமாயி. "எங்க தெருவு மாதிரியே பாடணும். மூணு தட்டோட."

ஒத்திகையில் மதிவாணன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "கரோக்கி டிராக் உங்களுக்காக நிக்காதும்மா."

"டிராக்கே வேணாம் சார்."

"யூடியூப்ல போடப்போறோம். தப்பு தப்புன்னு கீழ வந்து எழுதுவாங்க. ஒண்ணு சரியாப் பாடுங்க, இல்ல வேற பாட்டு எடுத்துக்குங்க."

"வேற பாட்டு பாட மாட்டேன். சார், இந்தப் பாட்டு படத்துல ரெண்டு சரணம், ரெக்கார்டுல மூணு சரணம்னு நீங்கதானே சொன்னீங்க? அதுல எது தப்பு?"

"ரெண்டும் சரிதான். ரெண்டு வடிவம்."

"அப்ப எங்க தெருவுது மூணாவது வடிவம்."

மதிவாணனுக்குக் கோபமும் வந்தது, ஆசையும் வந்தது. கேள்விப்படாத வடிவம் ஒன்று இருக்கிறது என்றால் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது. "எந்த ஊரு, எப்ப, எப்படி வந்துச்சு?" என்று அடுக்கினார். "மேடையில சொல்றேன். ஆனா பாட்டு முதல்ல, ஞாபகம் அப்புறம்" என்றார் ராமாயி. மதிவாணன் யோசித்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே சரி என்றார்.

படியிறங்கும்போது, நானே காரணத்தை மதிவாணனிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். ராமாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வாயத் தொறக்காதீங்க. தெரிஞ்சா ஒண்ணு பாட விட மாட்டாங்க, இல்ல பாவம்னு விடுவாங்க. ரெண்டுமே எனக்கு வேணாம்."

சுடர்விழி வேறு கடைக்கு வந்து என்னிடம் புலம்பினாள். "எங்க ஸ்கூல் டீச்சர்ஸ் எல்லாரும் வருவாங்க மாமா. அம்மா தப்பாப் பாடுதுன்னு சிரிப்பாங்க. நீங்க சொன்னா கேக்கும்." நான் சொன்னால் கேட்கிற ஆளா அது? சொல்லவும் எனக்கு விருப்பமில்லை என்று அவளிடமே சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் தாத்தாவின் படத்துக்குப் புது மாலை. முன்வரிசை நடுவில் இனியவன், சிரித்த முகம். ராமாயி மெரூன் நிறப் பட்டு கட்டியிருந்தார். மேடையேறியதும், "எனக்கு டிராக் கெடையாது. நீங்கதான் தாளம். ரெண்டாவது சரணத்துல நான் கையத் தூக்குவேன். தரத்துக்கு ஒண்ணா மூணு தட்டு. சரியா?" என்றார். கூட்டத்துக்கு அது பிடித்துப்போனது.

பாடினார். அவர் குரல் வயல்வெளிக்குப் பழகிய குரல், மைக்கே தேவையில்லை. அந்த இடம் வந்தது, கையைத் தூக்கினார். மண்டபமே மூன்று தரம் தட்டியது. எல்லாரையும் விட இனியவன்தான் பலமாகத் தட்டினார். பாட்டு முடிந்ததும் ஒன்ஸ் மோர் கேட்டதும் அவர்தான்.

"இருங்க, ஞாபகத்தைச் சொல்லணும்ல" என்றார் ராமாயி. சொன்னார். கல்யாணம், குழாய், தென்னை மரம், உதை, எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "அந்த எடத்துலதான் நீங்க இப்ப தட்டுனீங்க. எந்தப் பண்ணைன்னு கேப்பீங்க. வாசல்ல மாலை போட்ட படம் இருக்குல்ல, அவுங்க பண்ணைதான்."

தலைகள் முன்வரிசைப் பக்கம் திரும்பின. இனியவனின் கைகள் மடியில் கிடந்தன. மதிவாணன் அவசரமாக எழுந்து, "நன்றி, நன்றிம்மா, அடுத்ததாக..." என்று மைக்கை வாங்கக் கையை நீட்டினார். ராமாயி கொடுக்கவில்லை.

"கொஞ்சம் உக்காருங்க சார். நான் யாரையும் மன்னிப்பு கேக்கச் சொல்லல. உதை விழுந்த எடத்தை மறைச்சுப் பாட மாட்டோம், அவ்வளவுதான். முன்ன தெரியாமத் தட்டுனீங்க. அது கணக்குல சேராது. அய்யா ஒன்ஸ் மோர் கேட்டாரு, இன்னொரு தரம் பாடுறேன். இப்ப தெரிஞ்சு தட்டுறவங்க தட்டுங்க."

மறுபடியும் முதலிலிருந்து பாடினார். மதிவாணன் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் சரணம் வந்தது. ராமாயி கையைத் தூக்கினார். முதல் தட்டு ஒரே ஆள் தட்டியது. திரும்பிப் பார்த்தேன், தன் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்கு நடுவில் சுடர்விழி எழுந்து நின்றிருந்தாள். இரண்டாவதற்கு, சாப்பாட்டுக் கூடத்திலிருந்து இலை எடுக்கிற பெண்கள் வந்து கதவோரம் நின்று தட்டினார்கள், நானும் தட்டினேன். மூன்றாவதற்கு மதிவாணன் கையும் சேர்ந்தது, மண்டபத்தில் பாதிக்கு மேல் சேர்ந்தது.

இனியவன் தட்டினாரா என்று பிற்பாடு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது. நான் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராமாயியும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார்.