ஏலக்காய் ஸ்டோரில் தங்க வந்தவர்கள்

2024 நவம்பர் 16, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். தூறல். மேகம் தோட்டத்துக்குள் இறங்கியிருந்ததால் முற்றத்துப் பலாமரம் பாதிவரைதான் தெரிந்தது. வெளிச்சுவரில் தொங்கும் வெப்பமானி பதினாறு காட்டியது. அந்த நேரத்தில்தான் கரண்டு போனது. கரண்டு போனால் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். பார்த்து என்ன பயன் என்று மகள் கேட்பாள். பயன் ஒன்றும் இல்லை.

எங்கள் மலை வீடு போடிமெட்டை ஒட்டி, ஏலத்தோட்டத்துக்குள் இருக்கிறது. கல் சுவர், தகரக் கூரை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டியதை என் அப்பா வாங்கினார். நான் போடியில் குடியிருந்துகொண்டே தோட்டத்தைப் பார்த்தவன். காய் பறிக்கும் மாதங்களில் மட்டும் மேலே தங்குவேன். மனைவி இறந்தபின் அதுவும் குறைந்துபோனது. பிறகு மகள் வந்தாள். கணவனை விட்டு விலகி, சென்னை வேலையையும் விட்டுவிட்டு, நாற்பத்திரண்டாவது வயதில் இரண்டு பெட்டிகளோடு வந்தாள். மலை வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடும் போடப்போவதாகச் சொன்னாள். ஒரு வருடம் பார்ப்பேன், ஓடவில்லையென்றால் சென்னைக்கே போய்விடுவேன் என்றாள். சரி என்றேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினோரு மாதம் ஆகியிருந்தது. பாதி நாள் அறைகள் பூட்டிக் கிடந்தன.

அறைகள் மூன்று. மூன்றாவது, பழைய ஸ்டோர். பறித்த பச்சைக் காயை உலர்த்தும் அறையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். வெளியே விறகடுப்பு, அங்கிருந்து ஒரு பெரிய இரும்புக் குழாய் அறைக்குள் தரையோரமாகச் சுற்றி வந்து, புகையை மறுபக்கம் வெளியே விடும். சுவரின் உச்சியில் காற்றுத் துளைகள். காயின் ஈரம் ஆவியாகிப் போகும்வரை அவை திறந்திருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவது நின்றதும் அடைத்துவிட வேண்டும். அதற்குப் பின் வேளை வரும்வரை கதவைத் திறக்கவே கூடாது. திறந்தால் காய் நிறம் கெட்டுவிடும். இந்தச் சோலியை நாற்பது வருடம் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் காய் பக்கத்துத் தோட்டத்து மின்சார உலர்த்தியில் காய்கிறது. அதனால் மகள் ஸ்டோருக்கு வெள்ளையடித்து, கட்டிலும் பிளைவுட் அலமாரியும் போட்டாள். குழாயை மட்டும் பார்வைக்காக விட்டுவைத்தாள்.

அன்று அந்த அறைக்கு வந்திருந்தவர்கள் தூத்துக்குடியைச் சேர்ந்த வயதான தம்பதி. அவர் உப்பளத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க வெயிலைப் பார்த்த உடம்பு இரண்டும். அந்த அம்மாள் சேலைக்கு மேல் துண்டும் துண்டுக்கு மேல் போர்வையுமாக உட்கார்ந்திருந்தார். பல் கிட்டித்தது. கரண்டு இல்லாததால் ஹீட்டரும் இல்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் கொண்டுவந்திருந்தார். பிரிட்ஜில் வைக்கட்டுமா என்று மகள் கேட்டதற்கு, இந்த ஊரே பிரிட்ஜாகத்தானே இருக்கிறது என்று சொல்லி மருந்தை அறை அலமாரியிலேயே வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் நாளைக் காலையிலேயே ஓடிவிடுவார்கள், இன்னொரு அறை காலியாகும், மகள் பெட்டியைக் கட்டுவாள் என்று மனம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. ஸ்டோரைச் சூடாக்கித் தருகிறேன், அதுவரை முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். குழாயைத் தட்டிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. காய்ந்த விறகாகப் பொறுக்கி அடுப்பை மூட்டினேன்.

ஈரச் சுவர் ஆவி விட ஆரம்பித்தது. கண்ணாடியில் நீர் கோத்து வழிந்தது. நான் வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். வழிவது நின்றதும் ஏணி போட்டு ஏறி, துளைகள் அத்தனையும் அடைத்தேன். இறங்கி இன்னும் பன்னிரண்டு கட்டை விறகு வைத்தேன். கதவை ஒருவரும் திறக்காமல் பார்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநாளைக்குப் பின் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிற நிம்மதி எனக்கு.

ஆறு மணி சுமாருக்கு மகள் வந்து கதவைத் திறந்தாள். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. கூடவே ஏலக்காய் வாசம். எத்தனையோ வருடமாகச் சுவர் உள்ளே வைத்திருந்த வாசம் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. உள்சுவரில் இருந்த பழைய வெப்பமானியில் ஐம்பத்திரண்டு டிகிரி. அலமாரியின் மேல்தாள் பூரி மாதிரி உப்பி நின்றது. மெழுகுவத்திகள் குனிந்து மேஜையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, அவங்க காய் இல்லப்பா."

அப்புறம்தான் அவளுக்கு இன்சுலின் ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தாள், குப்பி கையில் சுட்டது. இனி அது ஆகாது. எட்டரைக்கு இரவுச் சாப்பாடு, அதற்கு முன் ஊசி போட்டாக வேண்டும். போடிமெட்டில் இருந்த மருந்துக் கடைக்குப் போன் செய்தோம், அந்த மருந்து இல்லை. போடியில் இருந்தது. அந்த அம்மாளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தார்.

"ஏங்க, நாம உள்ள இருந்திருந்தா அண்ணாச்சி நம்மளையும் காயவச்சு ஏலத்துக்கு அனுப்பியிருப்பாவ."

"உனக்கு என்ன வெல போவும்?" என்றார் அவர்.

"உங்களவிட நூறு கூடத்தான் போவும்."

சமையலுக்கு இருந்த அம்மாளை அவர்களுக்குத் துணையாக விட்டுவிட்டு, தெரிந்தவர் ஜீப்பைப் பேசிக்கொண்டு இறங்கினோம். போக வர இரண்டாயிரம். மகள் வர வேண்டியதில்லை என்றேன். நீங்கள் வழியெல்லாம் டிரைவரைப் பதறவைப்பீர்கள் என்று அவளும் ஏறிக்கொண்டாள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் மேகம் அடைத்திருந்தது. டிரைவர் பாதையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஓட்டினார். நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அலமாரி என்ன விலை என்று கேட்டேன். ஒன்பதாயிரத்து நானூறு என்றாள். சற்றுப் பொறுத்து, பழைய கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். அலமாரி விலையைச் சொன்ன அதே குரல்.

இரண்டு வளைவு கடந்தது. கீழே போடி விளக்குகள் ஒரு நொடி தெரிந்து மறைந்தன.

"போகாத ஆத்தா," என்றேன். "இங்கனயே இரு."

"இருந்து? ஆளு வந்தாத்தானப்பா?"

"நான் வர்றேன். மாசக் கணக்குக்கு ஒரு ரூமு எடுத்துக்கிறேன். வாடக தர்றேன்."

டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பாதையைப் பார்த்து ஓட்டப்பா என்று அவர்மேல் விழுந்தேன். மகள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்த இருட்டில் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

போடியில் மருந்தும் அதை வைத்துக்கொண்டுபோக ஐஸ் டப்பாவும் ஆயிரத்து நூற்று ஐம்பது. எட்டு இருபதுக்கு வீடு சேர்ந்தோம். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து போட்டதில் ஸ்டோர் ஆறி இதமாகியிருந்தது. கல் சுவர் மட்டும் வெதுவெதுப்பை விடாமல் வைத்திருந்தது. அந்த அம்மாள் ஊசி போட்டுச் சாப்பிட்டுவிட்டு, போர்வை இல்லாமலே தூங்கியதாக மறுநாள் சொன்னார். கிளம்பும்போது அந்த நாள் வாடகை மூவாயிரத்து இருநூறை மகள் வாங்க மறுத்துவிட்டாள். கணவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அலமாரி விலையோடு அதுவும் என் கணக்கில் சேரட்டும் என்றேன்.

திங்கட்கிழமை அவள் சென்னைக்குப் போன் செய்தாள். நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வரவில்லை என்று சொல்வது கேட்டது. அதன்பின் அவள் என்னிடம் வந்து, ஸ்டோரை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன், மாதம் பன்னிரண்டாயிரம், அப்பா என்பதற்காகக் குறைக்க மாட்டேன், விறகடுப்புப் பக்கம் மட்டும் போகக் கூடாது என்றாள். முதல் மாத வாடகையை அப்போதே எண்ணிக் கொடுத்தேன். அவளும் ஒருமுறை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள்.

ஆக மொத்தம் எனக்கு ஆன செலவு இருபத்தேழாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.