அம்மா வெட்டிப் போட்ட காசு

அக்காவை அவள் புருஷன் உதைத்துத்தான் கொன்றான். இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தவளைக் குடித்துவிட்டு வந்து வயிற்றிலேயே உதைத்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவன் தெருப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, பிணத்தை எடுத்துவிட்டார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிக்கு அவன் மேஸ்திரி. அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? மறுநாள் வேலை இருக்காதே!

நானும் அம்மாவும் வேறொரு ஷாப்பில், தோல் பதப்படுத்துவதற்கான ஆவாரம்பட்டையை இடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தோல் வழிக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அம்மா வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள்.

"என்னத் தாண்டிக்கினு போ. ஒருத்திய மண்ணுல வெச்சிட்டேன். உன்ன ஜெயில்ல வெச்சிட்டு நான் இன்னா பண்றது? அவன ஆத்தா பாத்துக்குவா."

எங்கள் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் காசு வெட்டிப் போடுவார்கள். அம்மன் கோயில் வாசலில் கல்லின் மேல் காசை வைத்து, உளியால் இரண்டாக வெட்டி, எதிராளிக்கு என்ன ஆக வேண்டுமோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஈரப் புடவையோடு நின்று வெட்டினாள்.

"எம் பொண்ணக் கொன்னவன் வம்சமே அத்துப் போவணும்டி தாயே!"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நன்றாக வேண்டும் அவனுக்கு என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா போன பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் வயிறாரச் சாப்பிட்டோம்.

அவன் வம்சம் என்றால் யார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா பெற்ற பையன் அவன் வீட்டில்தான் வளர்ந்துகொண்டிருந்தான். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான்.

ஐப்பசி மழையில் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. கால் இரண்டும் துவண்டுவிட்டன, கண்ணே திறக்கவில்லை என்று பட்டை இடிக்கிற இடத்துக்கு ஒருத்தி வந்து சொன்னாள். அம்மா உலக்கையைக் கீழே போட்டாள்.

"ஐயோ, எம் வாயில கொள்ளிய வெக்க! எம் பொண்ணு பெத்தத நானே வெட்டிட்டேனே!"

வெட்டியதைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. பூசாரி சொன்னார்: "வெட்டனவங்களும் அவனும் ஒண்ணா வந்து நிக்கணும். நீ உன் கையால அவனுக்குத் துண்ணூறு வெச்சி, உம்மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லணும்மா."

அம்மா அவன் வேலை செய்யும் ஷாப்புக்கே போனாள். அத்தனை ஆட்களுக்கு முன்னால் அவன் காலைப் பிடித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுப்பான் என்று நினைத்தேன். சுண்ணாம்புக் காலோடு அப்படியே ஓடி வந்தான். கோயிலில் எங்களைவிட அவன்தான் அதிகம் அழுதான். அக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பாவி! அம்மா திருநீற்றை அள்ளினாள். அந்தக் கை அவன் நெற்றிக்குப் போக வெகுநேரம் ஆனது.

"உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

குழந்தை பிழைத்தது. ஒரு கால் தேறியது, இன்னொன்று சூம்பிப்போனது. இது இளம்பிள்ளை வாதம், எத்தனையோ பிள்ளைகளுக்கு வருகிறது, யாருடைய சாபமும் இல்லை என்று வேலூரில் டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

நொண்டிப் பிள்ளையை எங்களிடம் கொண்டுவந்து விட்டுவிட்டு அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். நன்றாகவே இருந்தான். கொன்றவன் அழிய வேண்டும் என்று நினைத்தது தப்பா? தப்பில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தப் பிள்ளை தெருவில் காலை இழுத்துக்கொண்டு வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அன்னிக்கி துண்ணூறு வெக்கறப்ப வாய்தான் சொல்லிச்சிடி. மனசு சொல்லல. அதான் ஆத்தா பாதியக் குடுத்துட்டு பாதிய வெச்சிக்கினா."

"இப்பவாவது அவன மன்னிச்சிடேம்மா" என்றேன்.

தேய்ப்பதை நிறுத்தாமல், "முடியலியேடி" என்றாள்.