துலுக்காத கிடாய்

எனக்குச் சின்ன வயதில் வந்த பெரிய காய்ச்சல் குணமானதற்கு மூன்று தரப்பினர் உரிமை கோரினார்கள். முதலாவது, தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா. அவர் ஒரு போத்தல் நிறைய ரோஸ் நிறத் தண்ணீர் கொடுத்திருந்தார். இரண்டாவது, அப்பா. அவர் என் கட்டிலருகே முழங்காலில் நின்று விடாமல் ஜெபித்திருந்தார். மூன்றாவது, மாமா. அம்மாவின் தம்பியான அவர், யாரிடமும் சொல்லாமல் மேல்மலைக்கு ஏறிப்போய், அங்கே மரத்தடியில் இருந்த முனியாண்டியிடம், பிள்ளையை விட்டுவிட்டால் பதிலுக்கு ஒரு கிடாய் தருவதாக நேர்ந்துகொண்டு வந்திருந்தார். கல்வித் திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே விண்ணப்பத்தைப் பல இடங்களுக்கு அனுப்பக் கூடாது. வேலை நடந்துவிடும். யாருக்கு நன்றி சொல்வது என்பதில்தான் வழக்கு வரும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே இருந்தது. அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சுகளை எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டால் அதே அறை எங்கள் சபையாகிவிடும். போதகர் ஹட்டனிலிருந்து எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாவே ஆராதனை நடத்துவார். பின்னால் கரும்பலகையில் வெள்ளிக்கிழமையின் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருக்கும். பாவமும் மன்னிப்பும் பற்றி நான் முதன்முதலில் கேட்டது ஏழாம் வாய்ப்பாட்டின் முன்னிலையில்தான்.

அப்பா அதைத் தெளிவாகவே விளக்குவார். எல்லோரும் குற்றவாளிகள். தண்டனை உண்டு. குற்றமே இல்லாத ஒருவர் அந்தத் தண்டனையை நமக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டார். அந்தப் பலி ஒரே தடவை, எல்லோருக்குமாக, என்றென்றைக்குமாக. இனி உலகத்தில் எந்த ஆடும் யாருக்காகவும் சாக வேண்டியதில்லை. கோப்பு மூடப்பட்டுவிட்டது. அப்படியானால் கிறிஸ்துமஸுக்கு நாம் ஏன் ஆட்டுக்கறி சமைக்கிறோம் என்று நான் ஒருமுறை எழுந்து கேட்டேன். "அது வேற, உக்காரு" என்றார் அப்பா.

அம்மா இதற்கெல்லாம் வாய் திறக்கமாட்டாள். அவள் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்தவள். கல்யாணத்துக்குச் சற்று முன்புதான் ஞானஸ்நானம் பெற்றவள். பாட்டெல்லாம் பிழையில்லாமல் பாடுவாள். அவளைச் சேர்ந்த மற்ற எல்லோரும் முனியாண்டியின் ஆட்கள்.

எனக்குக் காய்ச்சல் விட்டு, எழுந்து நடக்கத் தொடங்கிய நாட்களில் மாமா ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உடம்பில் ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கரிய குட்டி. பாப்பா விளையாடட்டும் என்று சொல்லி எங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டினார். அப்பா மிகவும் மகிழ்ந்துபோனார். மைத்துனனின் மனம் இளகுகிறது, அடுத்தது சபைக்கு வருவதுதான் பாக்கி என்று கணக்குப் போட்டிருப்பார். முனியாண்டிக்கு விடும் கிடாய் மறுவில்லாத கறுப்பாக இருக்க வேண்டும் என்ற விதி அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; காலைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள்.

நான் அதற்குக் கறுப்பன் என்று பெயரிட்டேன். அம்மா எனக்கு ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். சபைக்குப் போகும் வீட்டு ஆடு நாறக் கூடாது. ஆகவே சனிக்கிழமைதோறும் அதைப் பீலிக்கு ஓட்டிக்கொண்டு போய்க் குளிப்பாட்ட வேண்டும். மலையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக விழும் அந்தத் தண்ணீர், பெரியவர்களே பல்லைக் கடித்துக்கொண்டு தொடும் தண்ணீர். எனக்கு மட்டும் அடுப்பில் வைத்த வெந்நீர், கறுப்பனுக்குப் பச்சைத் தண்ணீரா என்று நான் நியாயம் கேட்டேன்.

"அதுக்கு வெந்நி வேணாம். பழகட்டும்" என்றாள் அம்மா.

முதல் சனிக்கிழமைகளில் கறுப்பன் துள்ளியது, கத்தியது, உடம்பைச் சிலிர்த்து என்னையும் நனைத்தது. அம்மா பக்கத்தில் நின்று, அது சிலிர்க்க எடுக்கும்போதெல்லாம் முதுகை அழுத்திப் பிடித்து, வாயில் ஒரு துண்டு பனங்கருப்பட்டி வைப்பாள். ஆட்டுக்குக் கருப்பட்டியா என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். சில மாதங்களில் ஆடு பீலியடியில் தானாகவே போய் நின்றது. தண்ணீர் விழ விழக் கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். ஒரு பக்கம் சவுக்காரம் போட்டு முடித்தால் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த அளவுக்குச் சுத்தமில்லை என்று அப்பாவே சொன்னார்.

கிடாய் நன்றாக வளர்ந்து கொம்பு வைத்தபோது, மேல்மலையில் முனியாண்டிக்குப் பொங்கல் வைக்கும் நாள் வந்தது. அதற்கு முந்தின மாலை மாமா வந்து, வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார்.

மாமாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் தோட்டத்திலேயே வேகமானவர். ஆனால் அவருடைய புகழுக்குக் காரணம் கத்தியல்ல, மீசை. இரண்டு பக்கமும் முறுக்கி மேலே ஏற்றிய அந்த மீசையின் பலத்தில்தான் வருடா வருடம் எங்கள் தோட்டத்துக் கூத்தில் ராஜா வேஷம் அவருக்கே போனது. மற்ற ராஜாக்கள் மையால் வரைந்துகொள்ள வேண்டியிருக்கும். ஒவ்வொரு காலையும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகும் முன் அதற்கு எண்ணெய் தடவுவார். எங்களுடைய மத்தியானச் சமையலுக்குக்கூட அவ்வளவு எண்ணெய் செலவாகாது.

அப்படிப்பட்டவர் அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"பாப்பா படுத்துக் கெடந்தப்ப நேந்துகிட்டேன் மச்சான். குடுக்கலேன்னா சாமி புள்ளயத் திருப்பிக் கேக்குமே."

"ஏற்கனவே ஒருத்தர் குடுத்தாச்சு மாப்ள. அவ பேருக்கும் சேத்துத்தான். இன்னொரு தடவ குடுத்தா முதல்ல குடுத்தது பத்தாதுன்னு அர்த்தம்" என்றார் அப்பா.

"அது உங்க கணக்கு. நான் வாக்குக் குடுத்தது இந்தக் கணக்குல."

இப்படியே நீண்டது. நான் கறுப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வேண்டிய அளவுக்கு அழுதேன். வேண்டியதற்கு மேலும் அழுதேன். இருவரில் யாரும் விட்டுக்கொடுக்கக்கூடிய இடத்தில் இல்லை என்பது இப்போது புரிகிறது. கொடுத்தால் அப்பா அடுத்த ஞாயிறு எந்த முகத்தோடு நிற்பது? கொடுக்காவிட்டால் மாமா எந்தத் தைரியத்தில் தூங்குவது?

அப்போதுதான் அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள்.

"ஏங்க, முனியாண்டி வெறும் கல்லுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஆமா. கல்லுதான்."

"அப்ப அது எப்படி ஆடு கேக்கும்? தம்பி ஓட்டிக்கிட்டுப் போகட்டும். தண்ணி ஊத்திப் பாக்கட்டும். துலுக்குச்சுன்னா அவன் பாடு. துலுக்கலேன்னா கறுப்பன் வீட்டுக்கு வந்துரும்."

துலுக்குவது என்றால் உடம்பைச் சிலிர்த்து உதறுவது. பலிக்கு நிற்கும் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். உதறாவிட்டால் வெட்டக் கூடாது. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே நடவடிக்கை எடுக்கும் இப்படியொரு ஒழுங்கை நான் பிற்காலத்தில் எந்த அரசாங்க அலுவலகத்திலும் காணவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் குளிரில், காலை நேரத்தில், தண்ணீர் ஊற்றித் துலுக்காத ஆடு கிடையாது. முனியாண்டி அதுவரை எந்த ஆட்டையும் வேண்டாமென்று சொன்னதேயில்லை.

அப்பா தன் சித்தாந்தத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். கல் கேட்காது என்றால் பயப்படுவானேன்? "பாக்கலாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். ஜெபிக்கப் போனார் என்பது கதவு சாத்திய விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மேல்மலைக்குப் போனாள். வாத்தியார் வீட்டம்மா சாமி முன்னால் நிற்கக் கூடாது என்பதால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, வேடிக்கை பார்ப்பவளைப் போலத் தள்ளி நின்றாள். நான் அவள் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினேன். பூசாரி வாரத்தின் மற்ற நாட்களில் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவர். அன்று திருநீறும் சிவப்புத் துணியுமாக வேறு ஆளாக இருந்தார். கறுப்பனின் கழுத்தில் மாலை. தப்பு முழங்கியது. பூசாரி செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரைக் கறுப்பனின் முதுகில் ஊற்றினார்.

கறுப்பன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டது.

இன்னொரு செம்பு. கறுப்பன் திரும்பி மறுபக்கத்தைக் காட்டியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சவுக்காரம் கேக்குதுப்பா" என்றது ஒரு குரல்.

பூசாரிக்கு வியர்த்தது. தப்படிக்கிறவர்கள் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோனார்கள். கடைசியில் பூசாரி செம்பை மாமாவிடம் நீட்டினார். "நேந்துகிட்டவன் நீ. நீயே ஊத்து. காதுக்குள்ள ஊத்துடா." காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் தலையை உதறும். பழக்கம் அங்கே உதவாது.

மாமா செம்பை வாங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்ற அம்மாவைப் பார்த்தார். பிறகு கறுப்பனின் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தண்ணீரைக் கழுத்தில் மெல்ல ஊற்றினார். கறுப்பன் சுகமாக நின்றது.

சாமி ஆட்டை வேண்டாமென்றுவிட்டது. நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பூசாரி விடவில்லை.

"ஆட்டதான் வேணாங்குது. வாக்கு அப்படியே நிக்குதுல்ல? பதிலுக்கு என்ன குடுக்குற?"

மாமாவிடம் வேறு ஆடு இல்லை. முடி தருவதாகச் சொன்னார். பூசாரி அவர் முகத்தையே பார்த்தார். சாமிக்கு எது பெரிது என்று சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குழந்தைகளுக்கு முடியிறக்க வந்திருந்த நாவிதர் கத்தியைத் தீட்டினார். மாமா கல்லுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நான் கறுப்பனின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி அதற்கே தின்னக் கொடுத்துக்கொண்டிருந்ததால், மீசை இறங்கியதைச் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது யாரோ ஒரு சிறு பையனைப் போல மாமா அங்கே உட்கார்ந்திருந்தார்.

தோட்டம் அதைப் பல நாள் கொண்டாடியது. "கவலப்படாத, கவ்வாத்து பண்ணுன செடிதான் நல்லாத் தளிர்க்கும்" என்று பெரட்டுக் களத்தில் ஆளாளுக்கு அவர் கன்னத்தைத் தடவினார்கள். மாமாவும் சிரித்தார்.

அப்பா அடுத்த ஞாயிறு வெற்றிப் பிரசங்கம் செய்தார். மலைமேல் மகனைப் பலிகொடுக்கப் போன தகப்பனையும், மகனுக்குப் பதிலாகப் புதரில் கொம்பு சிக்கிக்கொண்டு நின்ற ஆட்டுக்கடாவையும் பற்றிச் சொன்னார். பதில் எப்போதும் மேலிருந்தே ஏற்பாடாகும் என்றார். மாமா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் கலைந்ததும் கேட்டார்:

"எனக்கு ஒண்ணுதான் வெளங்கல மச்சான். புதருல மாட்டுச்சே அந்தக் கடா, அது யாரு வளத்த ஆடு?"

அப்பா திரும்பிக் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார்.

பிறகு கூத்து வந்தது. மீசையில்லாத ராஜாவை யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதால் ராஜா வேஷம் வேறொருவருக்குப் போயிற்று. மழுமழுவென்ற முகத்துக்கு ஏற்றதாக மாமாவுக்கு ராணியின் தோழி வேஷம் கொடுத்தார்கள். அன்று பின்னேரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, பழைய சேலை ஏதாவது இருந்தால் கொடுக்கும்படி கேட்டார்.

அம்மா பழைய சேலைகள் தொங்கிய கொடிப் பக்கம் போகவில்லை. கட்டிலடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறந்து, அவளுடைய கல்யாணச் சேலையை எடுத்தாள். சந்தன நிறப் பட்டு. அதைத் தொட்டதற்காக நான் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். ஈஸ்டருக்குக்கூட அவள் அதைக் கட்டியதில்லை. அதைக் கூத்துக் களத்துச் சேற்றில் இழுபடப்போகிற ஒரு தோழிக்கு, பத்திரம் என்றுகூடச் சொல்லாமல் கொடுத்தாள். கொடுத்ததோடு விடாமல் தானே கட்டியும் விட்டாள்.

"என்னக்கா இது, ராணியவிடத் தோழி பகட்டா இருந்தா ஆட்டத்த விட்டுத் தள்ளிருவாங்க" என்றார் மாமா.

அம்மா அவர் முன்னால் முழங்காலிட்டுக் கொசுவத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மீசையில்லாத மாமாவைப் பட்டுச் சேலையில் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கொல்லையில் கறுப்பன் கத்தியது. நான் தரையில் உருண்டு உருண்டு சிரித்தேன். அம்மாவும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.