கறுப்பு உருண்டை

போன சனிக்கிழமை, பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழைய வார்னிஷ் வாசனை. உள்ளே கோலிக்குண்டு அளவில் உருண்டைகள், வெள்ளையும் கறுப்புமாக. "ஏதோ விளையாட்டுச் சாமான்" என்றாள் கடைக்காரப் பெண். விளையாட்டா! அதில் அவுட்டானவனே நான்தான் அம்மா, என்று சொல்ல வாயெடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரின் அபார்ட்மென்ட்களில் இருந்த எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கல் வைக்க ஒரு ஹால் தேவைப்பட்டது. யார் வீட்டில் கூடினாலும் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். பக்கத்து ஊரில் ஒரு சகோதர சங்கம் இருந்தது. ரகசியக் கைகுலுக்கல், கழுத்தில் சங்கச் சின்னம் வைத்த பட்டை, மாதாமாதம் விருந்து என்று ஆண்கள் நடத்தும் சங்கம். பெரிய சமையலறையோடு ஹால், ஆனால் உறுப்பினருக்குத்தான் தருவார்கள். "நீங்க சேருங்க, உங்களுக்குத்தான் வாய் இருக்கு" என்று எல்லோருமாக என்னைத் தள்ளிவிட்டார்கள். ஆபீசில் பக்கத்து இருக்கை ஃபிராங்க் அங்கே உறுப்பினர். அவரே என் பெயரை முன்மொழிந்தார். நான் புது டை வேறு வாங்கினேன். அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

புது ஆளைச் சேர்க்க அங்கே ஒரு வழக்கம். ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு பெட்டிக்குள் கையைவிட்டு ரகசியமாக ஓர் உருண்டை போடுவார்கள். எல்லாமே வெள்ளையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. எனக்கு விழுந்தது. "நத்திங் பெர்சனல்" என்றார் ஃபிராங்க், என் முகத்தைப் பார்க்காமல். வெள்ளைக்காரர் அல்லாத ஒருவர்கூட அதுவரை அங்கே நுழைந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என்னோடு வேலை பார்த்த ஏர்ல், கறுப்பினத்தவர், கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கப்பாவுக்கும் இதே பெட்டிதான். போர்லேர்ந்து திரும்பி யூனிஃபார்மோட போய்க் கேட்டாரு. இவங்க கதவைச் சாத்தினா என்ன? எங்க ஆளுங்க எப்பவோ தனியா சங்கம் கட்டிட்டாங்க. ட்ரென்டன்ல, எங்க ஆளுங்க இருக்கிற பக்கமே ஹால் இருக்கு, வாங்க!"

எங்களில் மூத்தவரான சுந்தரம் அங்கிள் இழுத்தார். "ட்ரென்டனா? அந்த ஏரியா சேஃபா?"

என் மனைவி வசந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கிள், நம்மள வெளிய தள்ளின ஏரியா ரொம்ப சேஃபா? அவங்க போட்டாங்களே, அதே உருண்டையைத்தான் இப்ப நீங்க போடறீங்க. எவன் வந்தாலும் வராட்டியும் நான் அங்கதான் பொங்கல் வைப்பேன்!"

பொங்கலன்று பனியில் எங்கள் கார்கள் வரிசையாக ட்ரென்டனுக்குப் போயின. ஹால் வாசலில் வசந்தி கோலம் போட்டாள். பால் மேலே வந்ததும் ஏர்லின் மனைவி பதறி ஓடிவந்து அடுப்பை அணைக்கப் போனார். "நோ நோ, ஆஃப் பண்ணாதீங்க, பொங்கணும்!" என்று வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பால் அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த வாசனை. நாங்கள் 'பொங்கலோ பொங்கல்' என்று கத்த, கழுத்தில் பட்டை போட்ட ஏர்லின் சங்கத்துப் பெரியவர்களும் கத்தினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது சுந்தரம் அங்கிள்.

ஃபிராங்கின் ஹால் இப்போது ஜிம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஏர்லின் ஹாலை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கம் போனால் மனசு ஆறுவதில்லை.

பெட்டியை வாங்கி வந்துவிட்டேன். வசந்தி உருண்டைகளைக் கொட்டிவிட்டு அதில் கோலமாவு நிரப்பியிருக்கிறாள். பொங்கலன்று யார் வேண்டுமானாலும் அதற்குள் கையை விடலாம். ஏர்ல் உயிரோடு இருந்திருந்தால், இதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அந்தச் சிரிப்புத்தான் இல்லை.