நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை

"ஏண்டி, உனக்கு வேற வேலையே இல்லையா? செத்து இத்தனை வருசமான மனுசனோட நெஞ்ச இப்ப எதுக்குடி கிளறுற? கிளினிக்குல ஒரு தாள நீட்டுனா, தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வர வேண்டியதுதானே லா!"

இப்படித் திட்டியது என் மகளை. அவளுக்கு இரத்தக்கொதிப்பு இருக்கிறதாம். குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா என்று தாளில் கேட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நேராக என்னிடம் கொண்டுவந்துவிட்டாள். கட்டம் என் கட்டைவிரல் அகலம்தான் இருந்தது. அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டுங்கள்.

எண்பதுகளில் மலேசியாவில் பத்தாங் காலிக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரரும் நானும் பால்மரம் வெட்டினோம், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. எங்கள் மரங்கள் எல்லாம் மேட்டில் இருந்தன. பாலைச் சேர்த்த இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு, மேடு ஏறி இறங்கி ஸ்டோருக்குப் போக வேண்டும். அவர் பாதி மேட்டில் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து மரத்தின் பட்டையைத் தடவிப் பார்ப்பதுபோல் நிற்பார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பின்னாலிருந்து கத்துவேன்.

"என்னங்க, மேட்டுல எந்த மோகினியப் பாத்துட்டீங்க? கூப்பிடுங்க, நானும் பாக்குறேன்!"

வரிசையில் வரும் எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சற்று நேரத்தில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. மோகினி எங்கள் லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பிரபலமாகிவிட்டாள்.

ஒரு நாள் வீட்டில் சொன்னார்.

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு புள்ள."

"தலையில நான் உக்காந்திருக்கேன். நெஞ்சுல வேற எவ?"

வாயு என்று நினைத்தேன். ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். குடிக்க உட்கார்ந்தார், வலி போய்விட்டது. உட்கார்ந்ததால்தான் போனது என்பது எனக்கு எப்படித் தெரியும்? பேர் ஓமத்துக்குப் போனது.

வலி இடது கைக்கு இறங்கிய பிறகுதான் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசரிடம் காட்டினோம். டிரசர் முகம் மாறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இருந்தது ஒரு தமிழ் டாக்டர், சின்ன வயது. இருதயம் என்பது கைமுட்டி அளவு சதை என்றார். அது சுருங்கிச் சுருங்கி உடம்பு முழுக்க இரத்தத்தை அனுப்புகிறது. ஆனால் அதுவும் உழைக்கிற சதைதானே, அதற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவர இருதயத்தின் மேலேயே சின்னச் சின்னக் குழாய்கள் ஓடுகின்றன. உங்கள் வீட்டுக்காரருக்கு அதில் ஒன்று உள்பக்கமாகத் தடித்துப் போயிருக்கிறது என்றார்.

"மரத்துல காஞ்ச ஒட்டுப்பால் அடைச்சா கீழ மாட்டுன மங்குக்குப் பால் வராதே, அது மாதிரிங்களா?" என்று இவர் கேட்டார்.

டாக்டர் பால்மரத்தைக் கிட்டத்தில் பார்த்தவர் இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "கிட்டத்தட்ட அப்படித்தான். சும்மா இருக்கறப்ப வர்ற ரத்தம் போதும். மேடு ஏறுனா இருதயம் வேகமா ஓடும், கூடுதலாக் கேக்கும். வழி இல்லாததால வராது. அதுதான் அந்த வலி."

நான் குறுக்கே விழுந்தேன். "அப்ப மேடு ஏறாம இருந்தா சரியாப் போயிடும்ல, டாக்டர்?"

"மேடு மட்டும் இல்லம்மா. கோவம் வந்தாலும், பயந்தாலும், நாலு பேர் முன்னால கூசிப் போனாலும் ஒடம்புல ஒரு நீர் சுரக்கும். அது ரத்தத்துல கலந்தா இருதயம் படபடன்னு அடிச்சிக்கும், குழாயும் இறுகும். நின்ன எடத்துலயே மேடு ஏறுற மாதிரி. அவர மனசு நோகாமப் பாத்துக்குங்க."

அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தேன்.

பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் மிளகைவிடச் சின்ன மாத்திரைகள் கொடுத்தார்கள். வலி வந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், விழுங்கக் கூடாது. புட்டியிலேயே இருக்கட்டும், மூடியை இறுக்கி மூடுங்கள் என்றார் டாக்டர். நான் நன்றாகத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் புத்தி வேலை செய்தது. வேலைக்குப் போகிற மனுசன் கண்ணாடிப் புட்டியைச் சட்டைப் பையில் வைத்தால் உடையாதா? அவருடைய பழைய பொடி டப்பியைக் கழுவிக் காயவைத்து மாத்திரைகளை அதில் கொட்டினேன். இறுக்கமான மூடி போட்ட புட்டி சும்மா கிடக்கிறதே என்று அதில் தைலத்தை ஊற்றி வைத்தேன். பக்கத்து வீட்டாரிடம் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

இனி பால் தூக்கக் கூடாது என்று டிரசர் எழுதிக் கொடுத்ததால் அவரைப் புல் வெட்டும் கூட்டத்தில் சேர்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர எல்லாரும் பெண்கள். வெயிலில் குனிந்து நிமிர்வார், டப்பி சட்டைப் பையில் அவரோடு சேர்ந்து வேகும். இரண்டு மூன்று மாதம் போனது.

"மொதல்ல வச்சா நாக்குல சுறுசுறுன்னு இருக்கும். இப்ப சுண்ணாம்பத் தின்ன மாதிரி இருக்கு" என்றார் ஒரு நாள்.

"மாத்திரைக்கே உங்க மேல சலிச்சுப் போச்சு போல."

இதற்கும் அவர் சிரித்தார்.

காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும், வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். அன்றைக்குப் புது மண்டோர். புல் வெட்டும் வரிசையில் இவர் நிற்பதைப் பார்த்தார்.

"யோவ் பெரியவரே, சேல எங்கய்யா? கட்டிட்டு வர மறந்துட்டியா?"

பெரட்டே குலுங்கியது. இவர் காது மடல் இருண்டது. நான் பால் வெட்டும் வரிசையில் நின்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர்களுக்கு ஆவல். அவரும் பார்த்தார். அவர் பார்த்தது வேறு எதற்கோ. எனக்கு மற்றவர்களின் முகம்தான் தெரிந்தது.

"தொவச்சுக் காயப் போட்டிருக்கேன் மண்டோரே! நாளைக்குக் கட்டி அனுப்புறேன்!"

அப்படி ஒரு சிரிப்பை அந்தப் பெரட்டு அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அவர் டப்பியை எடுத்தார். ஒன்று வைத்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மூன்றாவதையும் வைத்துவிட்டு ஆபீஸ் படியில் உட்கார்ந்தார். நான் ஓடினேன்.

"சுறுசுறுப்பே இல்ல புள்ள" என்றார். வேர்வை சட்டையை நனைத்திருந்தது. அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். தோட்டத்து லோரியில் ஏற்றினோம். பெரிய ரோட்டைத் தொடும் முன்பே என் மடியில் அடங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி டப்பியை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"இதுல யாரும்மா போட்டது? காத்தும் சூடும் பட்டா இந்த மருந்துக்கு சக்தி போயிடும்மா."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதே டாக்டரிடம் கேட்டேன், நல்ல மாத்திரையாக இருந்தால் பிழைத்திருப்பாரா என்று. சொல்ல முடியாதம்மா என்றார். பிழைத்திருப்பார் என்றோ மாட்டார் என்றோ ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

டப்பி விஷயத்தில் எனக்கு ஒரு சாக்கு உண்டு, தெரியாமல் செய்தேன். மண்டோருக்குச் சொன்ன அந்தப் பதிலுக்குச் சாக்கு இல்லை. நாலு பேர் முன்னால் கூசினால் அந்த நெஞ்சு என்ன பாடுபடும் என்று டாக்டர் சொல்லிக் கேட்ட பிறகு, தெரிந்து சொன்னேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பதில் யோசித்திருக்கிறேன். "வாய மூடுங்க மண்டோரே, அவருக்கு ஒடம்பு முடியல." இவ்வளவுதான். அன்றைக்கு இது வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் லயத்துப் பெண்கள் கோப்பியோடு சுற்றி உட்கார்ந்தார்கள். மண்டோர் வாய்தான் ஆளைக் கொன்றது, ஆபீசில் எழுதிக் கொடுத்து அவனை மாற்ற வேண்டும், நீயும் வா அக்கா என்றார்கள்.

"எழுதுங்க" என்றேன். "ஆனா அவன் பேருக்குக் கீழ எம்பேரையும் எழுதுங்க. அவன் சொன்னதுக்கு அவரு நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் சொன்னதுக்குத்தான் உக்காந்தாரு. மருந்தக் கெடுத்ததும் நான்தான்."

நான் வாயைத் திறந்தாலே சிரித்த பழக்கதோஷம். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். இன்னொருத்திக்கும் தொற்றியது.

"சிரிக்காதீங்கடி" என்றேன். "இது வெளையாட்டு இல்ல."